பத்திரிகையாளனாக இருந்து முதலாளியான நான், இளைஞர்கள் முன்னால் வேலையைப் பற்றி என்ன பேசுவது?

களுவாஞ்சிக்குடி மாக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் மட்டக்களப்பு நகரில் இறுதியாண்டு மாணவர்கள் நூறு பேரளவில் கூடும் கூட்டமொன்றில் 40 நிமிடம் பேசும்படி என்னை அழைத்திருக்கிறார்கள். தலைப்பையும் அவர்களே தந்துவிட்டார்கள்: வேலை, தலைமுறைகள், பொது விவாதம். "நீங்கள் பத்திரிகையிலும் இருந்திருக்கிறீர்கள், இப்போது பத்துப் பேருக்கு வேலையும் கொடுக்கிறீர்கள், ஆகவே இரண்டு பக்கமும் தெரிந்தவராக நடுவில் நின்று பேசுவீர்கள்" என்று ஏற்பாட்டாளர் தொலைபேசியில் சொன்னபோது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. உரையை எழுத உட்கார்ந்த பிறகு, அந்த நடு எங்கே இருக்கிறது என்று எனக்கே பிடிபடவில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2003 முதல் 2018 வரை ஒரு தமிழ் நாளிதழுக்குப் பிரதேசச் செய்தியாளராக இருந்தேன். மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. அச்சில் வந்த செய்தியை எண்ணிக் காசு, படத்துக்குத் தனிக் காசு. நான் எழுதத் தொடங்கிய அடுத்த ஆண்டு, 2004 மே 31ஆம் திகதி காலையில், மூத்த ஊடகவியலாளர் ஐயாத்துரை நடேசன் மட்டக்களப்பு நகரில் வேலைக்குப் போகும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த டிசம்பரில் சுனாமியாகக் கடல் வந்தது. கல்லடியிலும் நாவலடியிலும் இறந்தவர்களின் பெயர்களைக் கொப்பியில் எழுதிக்கொண்டு நாட்கணக்கில் திரிந்தேன். 2005 ஏப்ரலில் எங்கள் மண்ணின் மைந்தரான ஊடகவியலாளர் தர்மரத்தினம் சிவராம் கொழும்பில் கடத்தப்பட்டு, மறுநாள் நாடாளுமன்றத்துக்கு அண்மையில் சடலமாகக் கிடந்தார். இத்தனைக்கும் நடுவில் தொழிலை விடாமல் நின்றவர்கள் நாங்கள் என்ற எண்ணம் எனக்குள் உண்டு. அதை மறைக்கப் போவதில்லை.

மூத்த மகளின் படிப்புச் செலவு கூடியபோது அந்தத் தொழிலை விட்டேன். மனைவியின் சீதன வீட்டு வளவில் அரைக்கும் இயந்திரம் ஒன்றையும் இரண்டு பெரிய இரும்புத் தாச்சிகளையும் வைத்துச் சிவப்புப் பச்சையரிசி மா செய்யத் தொடங்கினோம். அரிசியை ஊறவைத்து, வடித்து, அரைத்து, வறுத்து, அரித்துப் பையிலிட்டு, கல்முனையிலிருந்து செங்கலடி வரை கடைகளுக்குக் கொடுக்கிறோம். இன்று 11 பேர் வேலை செய்கிறார்கள். இதில் வறுப்பதுதான் கை தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. வறுபட்ட மாவைக் கொஞ்சம் கிள்ளிக் கோலம் போடுவது போல இழுத்தால், கோடு முறியாமல் விழ வேண்டும். முறிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, மணம் தூக்கினால் கருகப் போகிறது. அந்தப் பதத்தை ஒருவருக்குப் பழக்க எனக்கு மூன்று மாதம் பிடிக்கும்.

மனக்குறை என்னவென்றால், என்னிடம் வேலை பழகிய இளைஞர்கள் மூவர் கடந்த ஒன்றரை ஆண்டுக்குள் விட்டுப் போய்விட்டார்கள். ஒருவன் மதியச் சாப்பாட்டுக்கு என்று போனவன் திரும்பி வரவே இல்லை. அந்தக் கோபத்தில், "இன்றைய பிள்ளைகளுக்குச் சம்பளம் வேண்டும், வேலை வேண்டாம்" என்று முகநூலில் ஒரு பதிவு போட்டேன். நான் செய்தியாளனாக எழுதிய எதற்கும் அவ்வளவு கருத்துகள் வந்ததில்லை. பெரும்பாலானோர் என் பக்கம்தான். மதியம் போனவனின் அக்கா மட்டும் வந்து, 2022இல் அவன் இரவில் வந்து வேலை செய்த நாட்களுக்கான மேலதிகக் கொடுப்பனவு எங்கே என்று கேட்டிருந்தாள். அது தனிப்பட்ட கணக்கு, பொதுவெளியில் பேசக்கூடாதது என்று நினைத்து அந்தக் கருத்தை நீக்கிவிட்டேன்.

இந்தியாவில் இன்போசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023 ஒக்டோபரில் சொன்னதையும், எல் அன்ட் டி நிறுவனத்தின் தலைவர் சுப்பிரமணியன் 90 மணி நேரம் என்று பேசியது 2025 ஜனவரியில் வெளியாகி அதை ஒட்டி எழுந்த சண்டையையும் எடுத்துக்காட்டி, இரண்டு தலைமுறைகளும் ஒன்றையொன்று பொறுமையாகக் கேட்க வேண்டும் என்று முடிக்கலாம் என்பது என் திட்டம். இது போதுமா? பேச்சில் வேறு என்ன இருக்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய மேசை எழுதியது:

தம்பி, உன்னை யார் என்று எழுத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். நீ அனுப்பிய செய்திகளை ஒரு காலத்தில் வெட்டித் தைத்தவன் நான். அந்த உரிமையில் சொல்கிறேன்.

நீ ஒரு செய்தி எழுதியிருக்கிறாய். மூவர் வேலையை விட்டுப் போனார்கள் என்பது அதன் சாரம். அந்த மூவரில் ஒருவரிடமாவது ஏன் போனாய் என்று கேட்டாயா? உன் பதிவில் அதற்கு அடையாளம் ஒன்றும் இல்லை. ஒரு தொழிற்சாலை முதலாளி தன் தொழிலாளர்களைப் பற்றிச் சொன்னதை மட்டும் வைத்து இப்படி ஒரு செய்தியை நீ 2010இல் எனக்கு அனுப்பியிருந்தால், மறுதரப்பு எங்கே என்று கேட்டு அன்றிரவே உன்னைத் தொலைபேசியில் எழுப்பியிருப்பேன். மறுதரப்பு தானாகவே வந்து நின்றபோது நீ அதை அழித்திருக்கிறாய். பத்திரிகையில் அதற்கு மறுப்பு என்று பெயர். எவ்வளவு எரிச்சலாக இருந்தாலும் அதைப் போட்டுவிட்டுத்தான் நாங்கள் வீட்டுக்குப் போவோம்.

நடு என்று ஒன்று உனக்கு இல்லை. நீ சம்பளம் கொடுப்பவன்; சம்பளத்தைப் பற்றிய வழக்கில் நீ ஒரு தரப்பு. அது குற்றமல்ல. ஆனால் "முன்னாள் ஊடகவியலாளர்" என்று அழைப்பிதழில் போட்டுக்கொண்டு மேடை ஏறினால், அந்தப் பெயருக்காகச் சபை உனக்குத் தரும் நம்பிக்கையை முதலாளியின் வாதத்துக்குச் செலவழிக்கிறாய். எழுந்ததும் முதல் வாக்கியமாக, "நான் பதினொரு பேருக்குச் சம்பளம் கொடுப்பவன், நான் சொல்லப்போவதை அந்தக் கணக்கோடு கேளுங்கள்" என்று சொல். மற்றதெல்லாம் பிறகு பார்க்கலாம்.

நடேசனையும் சிவராமையும் பேச்சில் சேர்ப்பதானால் அவர்களுக்காகச் சேர். நாங்கள் அதையெல்லாம் தாங்கினோம், உங்களால் தாச்சிச் சூட்டைத் தாங்க முடியவில்லையா என்று கேட்பதற்காக அவர்களை எழுப்பாதே.

வந்தாறுமூலைப் பட்டதாரி எழுதியது:

அண்ணா, உங்கள் கேள்வியை இரண்டு முறை வாசித்தேன். நீங்கள் பேசப்போகும் மாணவர்கள் இருக்கும் இடத்தில் சில ஆண்டுகளுக்கு முன் நான் இருந்தேன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் (அரசாங்கத்தில்) மேய்க்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லி வளர்த்தது எங்கள் தலைமுறை அல்ல. என் பெரியம்மா அதைச் சொல்லாத நாள் கிடையாது. 2017இல் மட்டக்களப்புக் காந்திப் பூங்காவின் முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் இரவும் பகலும் இருந்து போராடியதை நீங்கள் செய்தியாக எழுதியிருப்பீர்கள். 2020இல் நாடு முழுவதும் சுமார் 50,000 பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபா கொடுப்பனவோடு பயிலுநர்களாக எடுத்தார்கள். அப்படிப் போனவர்களில் எத்தனை பேர் பிரதேச செயலகங்களில் உட்காரக் கதிரை இல்லாமல் இருந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. இருந்தும் போனார்கள். ஏன் என்று நீங்கள் மேடையில் கேட்பீர்களானால், தயவுசெய்து சோம்பல் என்று பதில் சொல்லாதீர்கள். நாங்கள் கணக்குப் பார்த்தோம்.

அந்தக் கணக்கை உங்கள் ஆலையை வைத்தே போட்டுக் காட்டுகிறேன். அரச வேலைக்கு ஓய்வூதியம் உண்டு. கடன் கேட்டு வங்கிக்குப் போனால் அந்த நியமனக் கடிதமே பிணை. கல்யாணப் பேச்சில் அது ஒரு காணிக்குச் சமம். உங்களிடம் வருபவருக்கு என்ன உண்டு? ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதமும் நீங்கள் 12 வீதமும் கட்ட வேண்டும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு மேலும் 3 வீதம் நீங்கள் கட்ட வேண்டும். இது ஒரே ஒருவரை வேலைக்கு வைத்திருந்தாலும் பொருந்தும். நாட்கூலிக்காரருக்கும், பொதி எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவருக்கும், பழகுநருக்கும் பொருந்தும். உங்கள் பதினொரு பேருக்கும் கட்டுகிறீர்களா? கட்டினால் அதைப் பேச்சில் சொல்லுங்கள், அது உங்களுக்குப் பெருமை. பணிக்கொடைச் சட்டம் 15 பேரும் அதற்கு மேலும் உள்ள இடங்களைத்தான் கட்டாயப்படுத்துகிறது. ஆகவே உங்களிடம் ஐந்து ஆண்டுக்கு மேல் மா வறுத்தவர் விலகிப் போகும்போது ஆண்டுக்கு அரைமாதச் சம்பளம் என்ற அந்தத் தொகையை அந்தச் சட்டப்படி அவர் உங்களிடம் கோர முடியாது. உங்கள் மனம் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் தொழில் நியாய சபைக்குப் போய்த்தான் கேட்க வேண்டும்.

நாட்டின் ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 17,500 ரூபாவிலிருந்து 27,000 ஆகவும் 2026 ஜனவரி முதல் 30,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. மூன்று மாதம் பழகி, கோடு முறியாமல் மா இழுக்கத் தெரிந்தவருக்கும், புதிதாக வந்து பை ஒட்டுபவருக்கும் உங்களிடம் எவ்வளவு வித்தியாசம்? ஆயிரம் இரண்டாயிரம்தான் என்றால், பதம் தெரிந்தவன் என்ற அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்?

இன்னொன்று. நீங்கள் "இன்றைய பிள்ளைகள்" என்று எழுதும்போது உங்கள் மனதில் இருப்பது ஒரு பையன். பெண் பிள்ளைகள் அந்தச் சொல்லுக்குள் வரவே இல்லை. ஆடைத் தொழிற்சாலைப் பேருந்து விடியற்காலை ஐந்து மணிக்குச் சந்தியில் வந்து நிற்கும். அதில் ஏறுகிற பெண், அதற்கு முன்னால் நான்கு மணிக்கே எழுந்து வீட்டுக்குச் சமைத்து வைத்துவிட்டு வருகிறாள், மாலையில் திரும்பிப் போய்த் துவைக்கிறாள். இதையெல்லாம் கூட்டினால் வாரத்துக்கு 70 மணி நேரம் எப்போதோ தாண்டிவிடும். ஆனால் அவளை மூர்த்தி ஐயாவுக்கு உதாரணமாகக் காட்டி யாரும் பேசவில்லை. நீங்கள் அந்த இந்திய விவாதத்தை எடுப்பதானால், கூட்டப்படும் ஒவ்வொரு மணித்தியாலத்தின் பயனும் யாருக்குப் போகிறது என்ற கேள்வியையும் சேர்த்து எடுங்கள். எங்கள் நாட்டுக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வாரத்துக்கு 45 மணி நேரம் என்கிறது, அதற்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு என்கிறது. அந்த அக்கா கேட்டதும் அப்படி ஒரு மேலதிகக் கொடுப்பனவைத்தானே?

பழைய மேசை ஐயா சொன்னதையே நானும் சொல்கிறேன். அந்த மூவரையும் முதலில் கூப்பிட்டுப் பேசுங்கள்.

களுவாஞ்சிக்குடி மாக்காரன் எழுதியது:

ஐயாவுக்கும் தங்கச்சிக்கும் நன்றி. நன்றி என்று எழுதுவதற்கு ஒரு நாள் எடுத்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சேமலாப நிதியைப் பொறுத்தவரை, ஒன்பது பேருக்குக் கட்டுகிறேன். பொதி எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் இருவருக்குக் கட்டத் தேவையில்லை என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அதைத் திருத்துகிறேன்.

ஆனால் என் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்த பிறகு அடுத்த பெரும்போகத்தில் விளைச்சல் விழுந்து, நெல் கிடைப்பதே அரிதாகிவிட்டது. 2022 மார்ச் முடிவில் ஒரு நாளில் 13 மணி நேரம் மின்சாரம் இல்லை. கரண்ட் எப்போது வரும் என்று பார்த்திருந்து, இரவு பதினொரு மணிக்கு வந்தால் பதினொரு மணிக்கு அரைத்தோம். ஊறிய அரிசி அடுத்த நாள் வரை இருக்காது, புளித்துவிடும். அந்த இரவுகளில் எல்லோரும் வந்தார்கள், நானும் மனைவியும் கூடவே நின்றோம், விடிய மூன்று மணிக்குப் பிளேன் டீயும் பணிசும் சாப்பிட்டோம். அதை நான் என் வாழ்க்கையின் நல்ல நினைவுகளில் ஒன்றாக வைத்திருக்கிறேன். குடும்பம் போல இருந்தோம் என்று எத்தனையோ இடங்களில் சொல்லியிருக்கிறேன். அந்த அக்கா அதையே ஒரு நிலுவைக் கணக்காக எழுதியதுதான் எனக்குச் சுட்டது.

அந்தக் காலத்தில் ஒன்றரை மடங்கு கொடுத்திருந்தால் ஆலை மூடியிருக்கும். இது பொய்யல்ல. கடைக்காரர்கள் 60 நாள் கழித்துத்தான் காசு தருகிறார்கள், நெல்லுக்கு நான் கையில் காசு கொடுக்க வேண்டும். சிறு தொழில் செய்பவனை இந்தியப் பெரு நிறுவனங்களோடு சேர்த்து ஒரே கூண்டில் நிறுத்துவது நியாயமா என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது.

மூவரோடும் பேசிவிட்டு வருகிறேன்.

தறிவீட்டுப் பிள்ளை எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் மருதமுனையைச் சேர்ந்தவன். எங்கள் ஊர்ச் சாறனையும் சேலையையும் இந்த இழையில் இருப்பவர்களில் பலர் உடுத்தியிருப்பீர்கள், ஆகவே தறி எது என்று விளக்கத் தேவையில்லை.

வாப்பா நெய்தார். உம்மா இராட்டையில் நூல் சுற்றினார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நாங்களும் சுற்றுவோம். கூலி நெய்த உருப்படிக்குத்தான். உம்மாவின் சுற்றும் எங்கள் சுற்றும் வாப்பாவின் உருப்படிக்குள் அடங்கிவிடும், தனியாக ஒரு சதமும் கிடையாது. 1977இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட பிறகு வெளித்துணி வந்து குவிந்து எங்கள் ஊர்த் தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்ததை வாப்பா ஒரு மரணச் செய்தி போலச் சொல்லுவார்.

இப்போது ஊரில் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும், பெரியவர்கள் எழுந்து, இளைஞர்கள் தறியில் உட்கார வருகிறார்கள் இல்லை, பாரம்பரியம் அழிகிறது என்று கவலைப்படுகிறார்கள். நான் உண்மையைச் சொல்கிறேன்: எனக்குப் பதினான்கு வயதில் ஒரு நாள் ஆசையாகத் தறிக்குழிக்குள் இறங்கி உட்கார்ந்தேன். வாப்பா என் காதைப் பிடித்து எழுப்பி, "இதில உட்கார்ந்தா இதிலயேதான் இருப்பாய், போய்ப் படி" என்றார். என் நண்பர்களின் வீடுகளிலும் இதே கதைதான். தங்கள் முதுகு நோவையும் முழங்கால் நோவையும் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று அவர்கள் எடுத்த முடிவு அது. மிகச் சரியான முடிவு. ஆனால் அதை எடுத்தவர்களே இன்று மேடையில் நின்று எங்களைக் குறை சொல்லும்போது என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை.

நான் படித்தேன், கட்டார் போனேன், ஏழு ஆண்டு இருந்தேன், வந்தேன். 2022இல் மட்டும் இந்த நாட்டிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் பதிந்துகொண்டு போனவர்கள் 3 இலட்சத்துக்கு மேல். அவர்கள் வேலை செய்ய விருப்பமில்லாமல் போகவில்லை. அங்கே 45 பாகை வெயிலில் நிற்கிறார்கள்.

மாக்காரன் நானா, உங்கள் மகளைத் தாச்சியடியில் நிறுத்துவீர்களா? சண்டைக்குக் கேட்கவில்லை. அவளைப் படிக்க வைப்பதற்காகத்தான் பத்திரிகையை விட்டேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் மா வறுக்க வந்த பையனின் தாயும் அவனைப் பற்றி அதையேதான் நினைத்திருப்பார்.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் எழுதியது:

எல்லோருமாகச் சேர்ந்து மாக்காரரை ஒரு வழி பண்ணிவிட்டீர்கள். நான் கொஞ்சம் மறு பக்கம் நிற்கிறேன்.

கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே கையெழுத்து வாங்க வந்த பயிலுநர்களை என் கடைசிச் சேவைக்காலத்தில் கண்டவன் நான். எல்லாவற்றுக்கும் சமூகக் காரணம் உண்டு என்று சொல்லிக்கொண்டு போனால், சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போவதும் சரியாகிவிடும். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது எந்தத் தலைமுறைக்கும் பொது.

பொது விவாதம் என்ற பகுதியை ஒருவரும் தொடவில்லையே? எங்கள் ஊர்களில் கண்ணகி அம்மன் வழிபாட்டோடு கொம்புமுறி விளையாட்டு நடந்தது. ஊரே வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து, வளைந்த கொம்புகளை ஒன்றில் ஒன்று கொளுவி, வடம் கட்டி இழுக்கும். முறிந்த பக்கத்தை மற்றப் பக்கத்தார் பாட்டிலேயே கிழிப்பார்கள். அந்த வசையைத் தாங்கிக்கொண்டு நிற்பதும் விளையாட்டின் ஒரு பகுதிதான். யாரும் அதை மறுநாள் பொலிசுக்குக் கொண்டு போனதாக நான் கேள்விப்படவில்லை. முகநூலில் ஒரு பெண் கேட்ட கேள்வியை மாக்காரர் நீக்கினார் என்று வாசித்தபோது, கொம்பு முறிய முன்னரே வடத்தை வெட்டிவிட்டாரே என்றுதான் தோன்றியது. இந்த இடத்தில் மட்டும் நான் மற்றவர்களோடு உடன்படுகிறேன்.

பயன்படக்கூடிய ஒன்று: மாணவர்களுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒரு அரச அலுவலகத்தில் எத்தனை வெற்றிடம், எத்தனை பேருக்கு நியமனம் என்று எழுத்தில் கேட்டால், கொடுப்பதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தீர்மானித்துச் சொல்ல வேண்டும். என் மேசைக்கு அப்படி வந்த விண்ணப்பங்கள் அநேகமாகக் காணித் தகராறுகள்தான். வேலையைப் பற்றி ஒரு பட்டதாரியும் கேட்டதில்லை. வட்ஸ்அப்பில் இரவிரவாக வாக்குவாதப்படுகிறார்கள், கையில் ஒரு கடதாசி இல்லை.

40 நிமிடம் பேசாதீர்கள். 20 நிமிடம் பேசிவிட்டு மிச்சத்தைக் கேள்விக்கு விடுங்கள்.

களுவாஞ்சிக்குடி மாக்காரன் எழுதியது:

ஒரு வாரம் கழித்து வருகிறேன். மூவரோடும் பேசிவிட்டேன். பழைய பழக்கத்தில் கொப்பியில் குறித்துக்கொண்டே பேசினேன், முதலாமவர் அதைக் கவனித்து, "பேப்பருக்கா அண்ணன்?" என்று கேட்டார்.

முதலாமவர் பெண், பொதி செய்யும் பகுதியில் இருந்தவர். உயர்தரத்தை மீண்டும் எழுதப் போகிறார். அதை என்னிடம் சொன்னால் பரீட்சை வரைக்கும் போகவிடாமல் வேலையில் வைத்துக்கொள்வேன் என்று பயந்து, தாய்க்குச் சுகமில்லை என்று சொல்லியிருக்கிறார். இரண்டாமவர் கொரியாவில் வேலைக்குப் போவதற்காகக் கொரிய மொழிப் பரீட்சைக்குப் படிக்கிறார். என்மேல் அவருக்கு ஒரு குறையும் இல்லை. "உங்களிட்ட இருந்தா இன்னும் பத்து வருஷத்தில நான் எங்க இருப்பன் எண்டு சொல்லுங்க" என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றினேன். அந்தக் கேள்வியைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.

மூன்றாமவன்தான் மதியம் போனவன். அவன் வீட்டுக்கே போனேன். அக்காதான் கதிரை போட்டாள். அவன் சொன்னது இதுதான்: தாச்சியடியில் சூட்டை வெளியே இழுக்க ஒரு மின்விசிறி பூட்டும்படி இரண்டு முறை என்னிடம் கேட்டிருக்கிறான். முதல் முறை, பார்ப்போம் என்றேனாம். இரண்டாம் முறை, நாங்கள் ஷெல்லடிக்குள் நின்று செய்தி எடுத்தவர்கள் என்றேனாம். எனக்கு நினைவில்லை. ஆனால் நான் சொல்லக்கூடிய வசனம்தான் அது. அன்று மதியம் தலை சுற்றி வாந்தி எடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தவன், பிறகு வர வெட்கப்பட்டு வராமலே விட்டிருக்கிறான். சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் என்பதை அவனும் ஒத்துக்கொண்டான் என்பதை ஓய்வுபெற்ற ஐயாவுக்காகப் பதிகிறேன்.

இரவு வேலைக்கான கணக்கை அக்கா ஒரு நாட்காட்டியின் பின்புறத்தில் குறித்து வைத்திருந்தாள். பதினேழு இரவுகள். என் வேலைக்குறிப்பில் பதினாறு. பதினேழுக்கே கொடுத்தேன். மற்றவர்களுக்கும் கொடுக்க வேண்டும். நான்கு தவணையில் கொடுப்பதாக ஆலையில் எல்லோரையும் கூட்டிச் சொல்லியிருக்கிறேன். அந்த இரவுகளைப் பற்றிய என் நல்ல நினைவு இதனால் கெட்டுப் போகவில்லை என்பது எனக்கே வியப்பாக இருக்கிறது.

நீக்கிய கருத்தைத் திருப்பிப் போட வழி இல்லை. நானே அதை எழுதி என் பதிவின் கீழ் இடட்டுமா என்று அவளிடம் கேட்டேன். என் பெயரை நீங்கள் எழுத வேண்டாம், உங்கள் பதிவைத் திருத்துங்கள் போதும் என்றாள். திருத்தியிருக்கிறேன். அதற்கு விருப்பக்குறி போட்டவர்கள் மிகக் குறைவு. முதலாளிகளான என் நண்பர்கள் இருவர் தொலைபேசியில் கோபித்துக்கொண்டார்கள்.

தறிவீட்டுத் தம்பி கேட்ட கேள்விக்குப் பதில்: இல்லை, மகளை நிறுத்த மாட்டேன். பேச்சில் இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதற்குப் போகப் போகிறேன். மூர்த்தியையும் 90 மணி நேரத்தையும் எடுத்துவிட்டேன். நடேசனைப் பற்றி ஒரு பந்தி இருக்கிறது. அவர் எந்தக் காலத்தில் எதை எழுதினார் என்பது மட்டும், எங்கள் வீரம் எதுவும் இல்லாமல். ஏற்பாட்டாளரிடம் 20 நிமிடம் போதும் என்று சொன்னபோது, மிச்ச நேரத்துக்கு ஒரு நடன நிகழ்ச்சி போடலாமா என்று கேட்டார். கேள்விக்கு விடுங்கள் என்று கெஞ்ச வேண்டியிருந்தது.

வந்தாறுமூலைப் பட்டதாரி எழுதியது:

அண்ணா, மின்விசிறி பூட்டியாயிற்றா?

களுவாஞ்சிக்குடி மாக்காரன் எழுதியது:

வாங்கியாயிற்று தங்கச்சி. சுவரில் ஓட்டை போட மேசன் செவ்வாய்க்கிழமை வருகிறார்.

பழைய மேசை எழுதியது:

கூட்டம் எத்தனை மணிக்கு என்று நீ எழுதவே இல்லை. நேரமும் இடமும் இல்லாமல் செய்தி அனுப்பும் பழக்கம் இன்னும் போகவில்லை உனக்கு. அனுப்பு, கடைசி வரிசையில் ஒரு கதிரையும் சொல்லி வை. பதம் தெரிந்தவனுக்கும் பை ஒட்டுபவருக்கும் சம்பளத்தில் எவ்வளவு வித்தியாசம் என்று அந்தப் பிள்ளை கேட்டதற்கு நீ இங்கே பதில் சொல்லவில்லை. மாணவர்கள் கேட்காவிட்டால் அதை நான் எழுந்து கேட்பேன்.